இரண்டு வருடப் பேர்



இரத்தினபுரி பஸ் நிலையத்துச் சுவரில் ஒரு விளம்பரம் பார்த்தேன். குற்றவியல் நீதி டிப்ளோமா, இரண்டு வருடம், பொலிஸ், நீதிமன்றம், சிறைச்சாலை வேலைகளுக்குப் பொன்னான வாய்ப்பு என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். கீழே ஒரு தொலைபேசி இலக்கம். கட்டணம் எவ்வளவு என்றுதான் எங்கும் இல்லை. பக்கத்தில் நின்ற ஒரு தாய் மகனைப் பார்த்து, "தம்பி, சீட்டு விழுந்தா கட்டிப்புடலாமா?" என்று கேட்டார். பையன் பதில் சொல்வதற்குள் பலாங்கொடை பஸ் வந்துவிட்டது. அந்த அம்மா கேட்ட கேள்விக்குத்தான் இன்று கணக்குப் போட்டுப் பார்க்கப் போகிறோம்.

கட்டணத்தை விட்டுவிடுங்கள். அது அவர்கள் கேட்கும் காசு. அவர்கள் கேட்காமலே நாம் கொடுக்கும் காசு ஒன்று இருக்கிறது. 2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது. பின்னால் கூடியதை நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள். நான் இந்தத் தொகையை வைத்தே போடுகிறேன். மாதம் 20 பேர், அதாவது இருபது நாள் வேலை, விழுந்தால் 27,000. இருபத்து நான்கு மாதத்துக்கு 648,000 ரூபா. அதற்குத் தோட்டம் போடவேண்டிய ஊழியர் சேமலாப நிதி, சட்டப்படி குறைந்தது நூற்றுக்கு 12, அது 77,760. நம்பிக்கை நிதி நூற்றுக்கு 3, அது 19,440. எல்லாம் சேர்ந்தால் ஏழரை இலட்சத்துக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. விளம்பரத்தில் இல்லாத கட்டணம் இதுதான்.

'எங்கள் பிள்ளை தோட்டத்துக்குப் போகப்போவதில்லையே' என்பீர்கள். சரி, கொழும்புக் கடையில் நின்றாலும் ஒரு சம்பளம் உண்டு. அந்தத் தொகையை இந்த இடத்தில் போடுங்கள். கணக்கு பெருகுமே தவிரக் குறையாது.

இனி வரவுப் பக்கம். யட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கம் இறப்பர்ப் பால் வெட்டுகிறவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. விடியற்காலையில் மழை பிடித்தால் அன்று வெட்டு இல்லை. வேறு வேலை கொடுக்காவிட்டால் பேரும் இல்லை. மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும் ஒரே சம்பளம் வருகிற காக்கிச் சட்டையின்மேல் ஆசைப்படுவதில் என்ன தவறு? ஆசை சரிதான். ஆனால் அந்த வாசலில் என்ன கேட்கிறார்கள் என்று பார்த்தோமா?

பொலிஸ் கொன்ஸ்டபிளுக்குக் கேட்பது சாதாரண தரச் சித்தி, வயது, உயரம், உடற்தகுதி. உப பொலிஸ் பரிசோதகருக்கு உயர்தரம். உதவிப் பொலிஸ் அத்தியட்சகராக நேரடியாகச் சேரப் பட்டம். இந்த ஏணியில் இரண்டு வருட டிப்ளோமாவுக்கென்று தனியாக ஒரு படி கிடையாது. சேர்ந்த பிறகு களுத்துறைப் பொலிஸ் கல்லூரியில் பயிற்சியை அவர்களே கொடுக்கிறார்கள், சம்பளத்தோடு. அப்படியிருக்க, அதே சட்டத்தையும் நடைமுறையையும் முன்கூட்டியே காசு கட்டிப் படிப்பது, கல்யாண வீட்டுக்குச் சோறு கட்டிக்கொண்டு போகிற கதைதான்.

இது நம் ஊர்ச் சங்கதி மட்டுமல்ல. அமெரிக்காவில் இதே பாடத்துக்கு இரண்டு வருடப் பட்டம் இருக்கிறது. அரச சமுதாயக் கல்லூரியில் படித்தாலே வருடத்துக்கு ஏறக்குறைய 4000 டொலர் கட்டணம். அங்கேயும் பல பொலிஸ் பிரிவுகள் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழோடு ஆளை எடுத்துக்கொள்கின்றன.

அப்படியென்றால் சட்டமும் நீதியும் நம் பிள்ளைகளுக்கு வேண்டாமா? வேண்டும், மிகவும் வேண்டும். ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். லயத்தில் சண்டை, மண்டை உடைந்துவிட்டது. பாட்டி பொலிசுக்குப் போகிறார். தமிழில் சொல்கிறார், சிங்களத்தில் எழுதுகிறார்கள், எழுதியது என்னவென்று தெரியாமலே கைநாட்டு வைத்துவிட்டு வருகிறார். 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. ஆனால் வடக்குக் கிழக்குக்கு வெளியே நீதிமன்றத்தின் மொழி சிங்களம்தான். தமிழ் பேசுகிறவருக்கு மொழிபெயர்ப்புப் பெறும் உரிமை உண்டு. உரிமை தாளில் இருந்து போதுமா? மொழிபெயர்க்க ஆள் வேண்டாமா? கேகாலையிலும் இரத்தினபுரியிலும் இரண்டு மொழியும் வாயில் வருகிற பிள்ளை நம் தோட்டத்துப் பிள்ளைதான். டவுன் கடையிலும் பஸ்ஸிலும் பேசிப் பேசியே சிங்களம் படித்தவன். அதை எழுதவும் வாசிக்கவும் கற்றுக்கொண்டான் என்றால், என் கணக்கில் அது டிப்ளோமாவை விடப் பெரிய முதல்.

படித்துத்தான் போகவேண்டும் என்றால் காசு குறைந்த வழிகள் இருக்கின்றன. உயர்தரத்தில் நல்ல புள்ளி எடுத்தால் அரச பல்கலைக்கழகத்தில் கற்பித்தலுக்குக் கட்டணம் இல்லை. ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் குற்றவியலுக்கும் குற்றவியல் நீதிக்கும் தனித் துறையே இருக்கிறது. வேலையில் இருந்தபடியே படிக்கத் திறந்த பல்கலைக்கழகத்தின் சட்டப் பட்டம் உண்டு. கட்டணம் இருக்கிறது, நான்கு வருடத்துக்குக் குறையாமல் எடுக்கும், ஆனால் சம்பளம் நிற்காது. கொழும்புச் சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் எழுதவேண்டும் என்று ஒரு விதி வந்தது. 2023இல் நாடாளுமன்றம் அதை நிராகரித்தது. தமிழில் எழுதலாம் என்ற கதவு நமக்கு அப்படித்தான் திறந்தபடி நின்றது.

இத்தனைக்கும் பிறகு அந்த அம்மா அந்த இலக்கத்துக்கு அழைத்தால், மூன்று விஷயம் கேட்கட்டும். இந்த டிப்ளோமா மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவான பாடநெறியா, என்ன மட்டம்? தமிழில் வகுப்பு எந்த ஊரில் நடக்கிறது? இரத்தினபுரி என்று சொல்லிச் சேர்த்துவிட்டுக் கொழும்புக்கு வரச்சொன்னால் பஸ் காசே கட்டணத்தைத் தாண்டிவிடும். மூன்றாவது, போன வருடம் முடித்தவர்களில் இரண்டு பேரின் தொலைபேசி இலக்கம் தருவீர்களா?

மூன்றாவது கேள்விக்கு மறுமுனையில் எவ்வளவு நேரம் மௌனம் என்று கவனிக்கச் சொல்லுங்கள். அதுவரை சீட்டுக் காசு பாஸ் புத்தகத்திலேயே இருக்கட்டும்.