சாக்ஸும் கணுக்காலும்

கணுக்கால் அடிக்கடி பிசகும் பிள்ளைகளைப் பற்றிக் கொஞ்சம் பேசுகிறேன். சேதராப்பட்டில் எங்கள் பள்ளிக் கபடி அணியில் இது புதிதல்ல. ஒரே காலில் மூன்றாம் முறை சுளுக்கிக்கொண்ட மாணவி ஒருத்தியின் அம்மா, தொழிற்பேட்டையில் வேலை பார்ப்பவர், என்னிடம் கேட்டார்: "கால் ஆடாம பிடிக்கிற சாக்ஸ் விக்கிறாங்களாம் சார், வாங்கலாமா?" விலை அவருடைய இரண்டு நாள் கூலி.

1965-இல் ஃப்ரீமன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் ஒன்றைச் சொன்னார். சுளுக்கில் லிகமென்ட் மட்டும் பாதிக்கப்படுவதில்லை. பாதம் எப்படி இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு முனைகளும் பாதிக்கப்படுகின்றன. அதனால்தான் வலி போன பிறகும் கால் தடுமாறுகிறது. இறுக்கமான சாக்ஸ் தோலை அழுத்தி அந்தச் செய்தியைக் கூட்டும் என்பது விற்பவர்களின் வாதம். கருத்து தவறில்லை. ஆனால் ஆய்வு முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. சிலவற்றில் சிறு பலன், சிலவற்றில் ஒன்றுமில்லை.

ஒன்பதாம் வகுப்பில் நாங்களே சோதித்தோம். கண்ணை மூடி ஒற்றைக்காலில் நிற்க வேண்டும், கையில் ஸ்டாப்வாட்ச். முதலில் சாதாரண சாக்ஸ், அடுத்து நண்பர் ஒருவர் தந்த விலையுயர்ந்த ஜோடி. புதியது ஜெயித்தது, பிள்ளைகளுக்கு ஒரே கைதட்டல். வேறொரு குழுவுக்கு வரிசையை மாற்றினோம். இப்போது சாதாரண சாக்ஸ் ஜெயித்தது! இரண்டாம் முறை நிற்கும்போது உடல் ஏற்கெனவே பழகிவிடுகிறது. பாதிப் பேருக்கு ஒரு வரிசை, மீதிப் பேருக்கு மறுவரிசை என்று ஏன் வைக்க வேண்டும் என்பதை இதைவிட எளிதாக எந்தப் பாடத்திலும் நான் நடத்தியதில்லை.

மெல்பர்ன் கூடைப்பந்து வீரர்களிடம் நடந்த ஆய்வு 2001-இல் வெளியானது. முன்பு கணுக்காலில் அடிபட்டவர்களுக்கு மறுபடி அடிபடும் வாய்ப்பு கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. நெதர்லாந்து வாலிபால் வீரர்களிடம் நடந்த 2004-ஆம் ஆண்டு ஆய்வில், பலகையில் நின்று சமநிலைப் பயிற்சி செய்ததால் ஏற்கெனவே சுளுக்கியவர்களுக்கு மறு சுளுக்கு குறைந்தது. கயிறு கட்டும் கணுக்கால் பட்டைக்கும் பலன் உண்டு. பிசியோதெரபிஸ்ட்டிடம் கேட்டு வாங்கலாம். ஆனால் நம் பிள்ளைகள் மண் தரையில் வெறுங்காலோடு கபடி ஆடுகிறார்கள். அங்கே சாக்ஸுக்கு என்ன வேலை?

அந்த அம்மாவிடம் பணத்தை வைத்திருக்கச் சொன்னேன். வீக்கமும் வலியும் அடங்கிய பின், தினமும் வார்ம்-அப்பில் ஒவ்வொரு காலிலும் முப்பது நொடி நிற்கட்டும். பழகியதும் மடித்த சாக்கின் மேல், பிறகு பந்தைப் பிடித்து எறிந்தபடி. அடிபட்ட உடனே நான்கு அடி நடக்க முடியாத பிள்ளைக்கு மட்டும் இந்தப் பயிற்சி எதுவும் வேண்டாம். எலும்பு முறிவாக இருக்கலாம், நேராக எக்ஸ்ரேவுக்கு அனுப்புங்கள்.