இருபத்திரண்டாவது கேள்வி

(பல்கலைக்கழக மாணவர்கள் மத்தியில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுநடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



'பல்கலைக்கழக வாழ்க்கை: மாணவர்களின் கருத்து' என்ற தலைப்பில் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் மாணவனாக இருந்து இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. உங்க கருத்தை நான் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. நமக்காக அடுத்தவன் பேசுறதைத்தானே இத்தனை காலமா எதிர்த்துக்கிட்டு வர்றோம். ஆனால் ஒன்று பேசலாம். மாணவர் கருத்து என்கிறார்களே, அதை யார் கேட்கிறார்கள்? எதைக் கேட்கிறார்கள்? எதைக் கேட்காமல் விடுகிறார்கள்?

நாக் குழு உங்க பல்கலைக்கழகத்துக்கு மதிப்பெண் போட வரும்போது மாணவர் திருப்தி ஆய்வு என்று ஒரு படிவம் வரும். 2017-இல் கொண்டுவந்த முறை அது. 20 கேள்விகள். பாடத்திட்டத்தில் எவ்வளவு நடத்தி முடித்தார்கள், ஆசிரியர் தயாரித்துக்கொண்டு வருகிறாரா, அகமதிப்பீடு நியாயமாக இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே போகும். பதில்களில் ஒன்றுக்கு நேராகக் குறி வைத்தால் போதும். இருபத்தோராவது கேள்வியில் நீங்களே ஏதாவது எழுதலாம். அத்தோடு முடிஞ்சுது. எல்லோருடைய குறியையும் கூட்டி சராசரி போடுவார்கள்.

அந்தச் சராசரிக்குள்ளதான் நாம காணாமப் போறோம். அகமதிப்பீடு நியாயமா என்று கேட்டால் நூற்றுக்கு எண்பது பேர் 'ஆமாம்' என்று குறி வைக்கலாம். அவர்களுக்கு அது நியாயமாகத்தான் இருந்திருக்கும். மீதி இருபது பேர் யார், எந்தத் தெருவிலிருந்து வந்தவர்கள் என்பதைச் சராசரி சொல்லாது. சேர்க்கையின்போது சாதிச் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற நிறுவனம், கருத்துக் கேட்கும்போது மட்டும் சாதியே தெரியாத மாதிரி நடந்துகொள்கிறது.

என் கதையைக் கொஞ்சம் சொல்றேன். பேர் வேண்டாம், ஒரு பெரிய அரசுப் பல்கலைக்கழகம். அந்தக் காலத்தில் யாராவது என்னிடம் 'இங்க வாழ்க்கை எப்படி இருக்கு' என்று கேட்டிருந்தால், நல்லாருக்கு என்றுதான் முதலில் சொல்லியிருப்பேன். பொய் இல்லை. ஊரில் எங்க வீட்டில் ஆறு பேருக்கு ஒரே பல்பு. ஹாஸ்டலில்தான் முதன்முதலா எனக்கென்று ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு விளக்கு கிடைத்தது. ராத்திரி எத்தனை மணிக்கு வேணும்னாலும் படிக்கலாம், யார் தூக்கமும் கெடாது. நூலகத்தில் அம்பேத்கர் தொகுதிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தேன். ஊருக்குள்ள போனா சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கிட்டுப் போன அப்பாவோட மகன், அங்கே யாருக்கும் இறங்காம சைக்கிள் ஓட்டினேன். இதெல்லாம் சின்ன விஷயம் இல்லை. பல்கலைக்கழகமே வேண்டாம் என்று நம்மில் யாரும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டோம்.

ஆனால் அதே ஹாஸ்டலில் மெஸ் பாக்கிப் பட்டியல் என்று ஒன்று ஒட்டுவார்கள். ஸ்காலர்ஷிப் பணம் வருஷக் கடைசியில் வரும், மெஸ் பணம் மாசாமாசம் கட்டணும். அதனால் பட்டியலில் யார் பேர் இருக்கும்? எங்க பேர்தான் இருக்கும். கம்யூனிட்டி என்னன்னு யாரும் கேட்கவே வேண்டாம், பட்டியலைப் பார்த்தாலே தெரிஞ்சிடும். சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது முன்னால் இருப்பவன் திரும்பி ஒரு பார்வை பார்ப்பான். யாரும் கெட்ட வார்த்தை சொல்லவில்லை, யாரும் அடிக்கவில்லை. புகார் எழுதச் சொன்னால் என்னன்னு எழுதுவது? 'பார்த்தான்' என்றா?

நம் கருத்து படிவத்தில் ஏறாமல் போவதற்கு இது முக்கியமான காரணம். கிராமத்தில் தனிக்குவளை இருந்தால் குவளையைக் காட்டலாம். பல்கலைக்கழகத்தில் குவளை கண்ணுக்குத் தெரியாது. கைடு கிடைக்காமல் ஒரு வருஷம் போகும். எழுத்துத் தேர்வில் வாங்கிய மார்க் வைவாவில் கரையும். இரண்டுக்கும் 'தகுதி' என்று ஒரு பேர் வைத்திருப்பார்கள். அம்பேத்கர் 1918-இல் பம்பாய் சிடனம் கல்லூரியில் பேராசிரியராகச் சேர்ந்தபோது, அவர் தண்ணீர்ப் பானையைத் தொடக்கூடாது என்று உடன் வேலை பார்த்தவர்களே சொன்னார்கள். அன்றைக்குப் பானையாவது கண்ணுக்குத் தெரிந்தது.

இப்போது ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தைப் பார்ப்போம். 1974-இல் தொடங்கியது. ஆயிரக்கணக்கான ஏக்கர் வளாகம், நாடு முழுவதிலிருந்தும் மாணவர்கள். அங்கே செந்தில்குமார் என்று ஒரு ஆய்வு மாணவர், நம்ம சேலம் பக்கத்துக்காரர். பன்றி வளர்க்கிற குடும்பத்திலிருந்து இயற்பியல் ஆய்வுக்குப் போனவர். 2008 பிப்ரவரியில் ஹாஸ்டல் அறையில் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருக்குக் கைடு ஒதுக்கப்பட்டிருக்கவில்லை. பிறகு பல்கலைக்கழகமே ஒரு குழுவைப் போட்டது. குழு மாணவர்களை நேரில் சந்தித்துக் கேட்டது. தலித், பழங்குடி மாணவர்களின் நலனுக்கு எதிராகவே துறை நடந்துகொள்கிறது என்று மாணவர்கள் உணர்வதைக் குழு பதிவு செய்தது. கைடு ஒதுக்கும் முறையில் உள்ள கோளாறுகளையும் எழுதியது.

கவனிங்க தோழர்களே. மாணவர்களிடம் கருத்து இருந்தது. கேட்டதும் சொன்னார்கள். ஆனா கேக்குறதுக்கு ஒரு சாவு வேண்டியிருந்தது.

எட்டு வருஷம் கழித்து அதே வளாகத்தில் ரோகித் வெமுலா. 2015-இல் அவரையும் இன்னும் நான்கு தலித் ஆய்வு மாணவர்களையும் ஹாஸ்டலிலிருந்தும் பொது இடங்களிலிருந்தும் விலக்கினார்கள். 2016 ஜனவரியில் அவர்கள் வளாகத்துக் கடைகளுக்கு அருகே திறந்த வெளியில் கூடாரம் போட்டுத் தூங்கினார்கள். அதற்கு 'வெலிவாடா' என்று பேர் வைத்தார்கள். தெலுங்கில் அது ஊருக்கு வெளியே இருக்கிற சேரி. மத்தியப் பல்கலைக்கழகத்துக்குள் சேரி இருக்கிறது என்று எந்தப் படிவத்திலும் அவர்களால் எழுத முடியவில்லை. அதனால் சேரியையே கட்டிக் காட்டினார்கள்.

ரோகித்தின் கடைசிக் கடிதத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அதில் ஒரு கணக்கும் இருக்கிறது. ஏழு மாத உதவித்தொகை, 1,75,000 ரூபாய், எனக்கு வரவேண்டியிருக்கிறது, அதை என் குடும்பத்துக்குக் கொடுக்கப் பாருங்கள் என்று எழுதியிருக்கிறார். கவித்துவத்தை மேற்கோள் காட்டுகிறவர்கள் இந்தக் கணக்கை விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் பல்கலைக்கழக வாழ்க்கை பற்றி ஒரு தலித் மாணவர் சொன்ன மிகத் துல்லியமான கருத்து இந்தக் கணக்குதான்.

இன்னொன்றும் உண்டு. 2015 டிசம்பர் 18 அன்றே துணைவேந்தருக்கு அவர் கடிதம் எழுதினார். தலித் மாணவர்கள் அங்கே எந்த நிலையில் வாழ்கிறார்கள் என்பதைக் கசப்போடும் கிண்டலோடும் எழுதிய கடிதம். இறந்தது 2016 ஜனவரி 17. நடுவில் முப்பது நாள். மாணவர்கள் வாய் திறக்கவில்லை, மனசில் இருந்ததைச் சொல்லவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. சொன்னார், எழுத்திலேயே சொன்னார், தேதி போட்டுச் சொன்னார். அப்புறமும் விடவில்லை. அவர் தலித்தே இல்லை என்று 2024 மே மாதம் தெலங்கானா போலீஸ் அறிக்கை சொன்னது. எதிர்ப்பு கிளம்பிய பிறகு மறுபடி விசாரிப்போம் என்றார்கள். செத்தவனிடமும் சாதிச் சான்றிதழ் கேட்கிற நாடு இது.

அப்படியென்றால் சொல்லி என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். கேட்கணும். அதற்கு டெல்லியிலிருந்து ஒரு உதாரணம் சொல்கிறேன். ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் வைவாவில் மார்க்கைக் குறைக்கிறார்கள் என்று நம் மாணவர்கள் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது உங்க மனப்பிரமை என்று பதில் வந்தது. அவர்கள் விடவில்லை. எழுத்துத் தேர்வு மார்க்கையும் வைவா மார்க்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொல்லிப் போராடினார்கள். கடைசியில் பேராசிரியர் அப்துல் நாஃபே தலைமையிலான குழு பல ஆண்டு மதிப்பெண்களை எடுத்துப் பார்த்தது. எழுத்துத் தேர்வுக்கும் வைவாவுக்கும் உள்ள வித்தியாசம் எல்லாச் சமூகத்து மாணவர்களிடமும் ஒரு தொடர்ச்சியான போக்காகத் தெரிகிறது, அது பாகுபாட்டைக் காட்டுகிறது என்று 2016-இல் அறிக்கை கொடுத்தது. மனப்பிரமை என்று சொன்னது கணக்காகி நின்றது.

அதே 2016-இல்தான் ஆய்வுப் படிப்புச் சேர்க்கையை வைவா மார்க்கை மட்டும் வைத்து முடிவு செய்யலாம் என்று யு.ஜி.சி. விதி வந்தது. அந்த அநீதியைப் பற்றி எழுதிய நம்ம சேலத்துத் தம்பி முத்துகிருஷ்ணன், ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழக ஆய்வு மாணவர், 2017 மார்ச்சில் இறந்துபோனார். கணக்கு கையில் இருந்தும் அதிகாரம் காது கொடுக்காது என்பதும் உண்மை. கணக்கு இல்லாவிட்டால் வாசலில் நின்று கேட்கக்கூட முடியாது என்பதும் உண்மை.

1942-இல் அம்பேத்கர் வைசிராயிடம் ஒரு மனு கொடுத்தார். பட்டியல் சாதியினரின் குறைகள் என்ற மனு. அதில் அவர் அழவில்லை. கணக்கு வைத்தார், உயர்கல்விக்கு நிதி கேட்டார். 1944-இல் மெட்ரிக் படிப்புக்குப் பிந்தைய உதவித்தொகைத் திட்டம் வந்தது. இன்றைக்கு நம்மில் பலர் கையெழுத்துப் போட்டு வாங்குகிற ஸ்காலர்ஷிப்பின் வேர் அதுதான். குறையை எழுதி வைத்த ஒரு தாளிலிருந்து வந்த பணம் அது.

இப்ப ஒரு சங்கடமான விஷயம். போன மாசம் ஒரு தம்பி என்கிட்ட சொன்னான்: 'அண்ணே, எனக்கு எந்தக் கருத்தும் வேணாம். டிகிரியை முடிச்சிட்டு வேலைக்குப் போகணும். அம்மா நூறு நாள் வேலைக்குப் போய்க்கிட்டிருக்கு. நான் வாயைத் திறந்தா கைடு கையெழுத்துப் போட மாட்டார்.' அவனை நான் கோழை என்று சொல்ல மாட்டேன். நீங்களும் சொல்லாதீங்க. அவன் பயமும் ஒரு கருத்துதான். ஒரு மாணவனின் நாலு வருஷ உழைப்பு ஒரே ஆளின் கையெழுத்தில் தொங்குகிறது என்பதைவிடப் பெரிய விமர்சனம் அந்த நிறுவனத்தின் மேல் என்ன இருக்கிறது?

நம்மைப் பற்றியும் பேசணும். நம் கூட்டங்களில் யார் பேசுகிறார்கள்? ஆண்கள்தான். பெண்கள் விடுதியில் ராத்திரி கேட்டை எத்தனை மணிக்குப் பூட்டுகிறார்கள், நூலகத்திலிருந்து அந்த நேரத்துக்குள் திரும்ப முடியுமா, கைடு அறைக்குத் தனியாகப் போகத் தயங்குகிற தங்கை யாரிடம் சொல்வாள் என்று நாம் கேட்டிருக்கிறோமா? அருந்ததியர் மாணவர்களுக்கு 2009-இல் 3 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. அதன் வழியாக வந்த தம்பியை நம்ம ஆளுங்களே 'நீ எந்தக் கோட்டா' என்று கேட்டதை நான் காதால் கேட்டேன். நமக்குச் செய்ததையே நாம் அடுத்தவனுக்குச் செய்தால், எந்த முகத்தோடு நிர்வாகத்திடம் போய் நிற்பது?

அதனால் என் யோசனை ரொம்பச் சாதாரணமானது. ஒவ்வொரு ஹாஸ்டலிலும் ஒரு நோட்டு வையுங்கள், நாற்பது பக்க நோட்டு போதும். நடந்ததை அன்றைக்கே எழுதுங்கள். தேதி, இடம், என்ன சொன்னார்கள், யார் பார்த்தார்கள். பேர் போட விருப்பமில்லாதவர் போட வேண்டாம். இங்கிலீஷில் எழுதணும்னு கட்டாயம் இல்லை, வீட்டில் அம்மாவிடம் சொல்கிற மாதிரி எழுதுங்கள். 'பார்த்தான்' என்றால் 'பார்த்தான்' என்றே எழுதுங்கள். ஒரு பார்வை புகார் ஆகாது. ஒரே வரிசையில் நாற்பது பேருக்கு நாற்பது நாள் கிடைத்த பார்வை சாட்சியம் ஆகும்.

மாதம் ஒரு நாள் உட்கார்ந்து நோட்டை வாய்விட்டுப் படியுங்கள். முதல் பலன் நிர்வாகத்துக்கு அல்ல, நமக்குத்தான். எனக்கு மட்டும்தான் இப்படி நடக்குது, என்கிட்டதான் ஏதோ குறை என்று நினைத்துக்கொண்டு அறைக்கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறானே ஒரு தம்பி, அவன் காதில் அது விழும். பக்கத்து அறையிலும் இதுதான் நடக்குது என்று தெரிந்தால் கதவைத் திறப்பான். நோட்டில் ஒருவன் ரொம்ப உடைந்துபோய் எழுதியிருந்தால் அன்றைக்கு அவனைத் தனியாக விடாதீர்கள். கூட உட்காருங்க, சாப்பிடக் கூட்டிட்டுப் போங்க, நல்ல டாக்டரிடம் அழைத்துப் போங்க. அதுவும் இயக்க வேலைதான்.

அடுத்தது, நோட்டிலிருந்து கேள்விகளை எடுங்கள். 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாளில் பதில் தரணும். எத்தனை ஆய்வு மாணவர்களுக்கு இன்னும் கைடு இல்லை, அவர்கள் எந்தப் பிரிவினர்? இடஒதுக்கீட்டில் நிரப்பாத ஆசிரியர் பணியிடங்கள் எத்தனை? எழுத்துத் தேர்வு மார்க் என்ன, வைவா மார்க் என்ன? 2012-இல் யு.ஜி.சி. கொண்டுவந்த விதிப்படி சமவாய்ப்பு மையமும், பாகுபாட்டைத் தடுக்க ஒரு அதிகாரியும் இருக்கணும். அந்த அதிகாரி யார், எந்த அறையில் உட்காருகிறார்? அந்த விதியை ஒழுங்காக அமல்படுத்தச் சொல்லி 2019-இல் உச்சநீதிமன்றத்துக்குப் போனது யார் தெரியுமா? ரோகித்தின் அம்மா ராதிகா வெமுலாவும், மும்பையில் மருத்துவம் படித்து 2019-இல் இறந்த பாயல் தட்வியின் அம்மா அபேதா தட்வியும். பிள்ளைகளைப் பறிகொடுத்த இரண்டு தாய்மார்கள் நமக்காகக் கோர்ட்டு வாசலில் நின்றார்கள். பத்து ரூபாய் மனுவாவது நாம் எழுத வேண்டாமா?

அந்தப் படிவம் அடுத்த தடவை வரும்போது கிழித்துப் போடாதீர்கள். இருபது கேள்விக்கும் பதில் எழுதுங்கள். நூலகம் நல்லாயிருந்தா நல்லாயிருக்குன்னே குறி வையுங்கள். இருபத்தொன்றில் இடம் இருக்கிற அளவுக்கு எழுதுங்கள். இடம் பத்தவில்லை என்றால் அடியில் நீங்களே 22 என்று எண் போடுங்கள். உங்கள் நோட்டைத் திறந்து தேதியோடு எழுதத் தொடங்குங்கள்.

நம்முடைய கருத்து கடைசிக் கடிதமாக வெளியே வரக்கூடாது. உயிரோடு இருக்கும்போதே, பத்துப் பேர் கையெழுத்தோடு, அவர்கள் மேசை மேல் போய் விழணும். இதைச் சொல்லத்தான் வந்தேன்.

ஜெய்பீம்.