எல்ன் ஊரில் ஒரு பேறுகால இல்லம்

(பங்கின் பொன்விழாவையொட்டி நடந்த இளைஞர் கூட்டத்தில் மரியாயின் சேனையினர் ஆற்றிய உரை)



இளைஞருக்குப் பயன்படும்படி ஏதாவது பேசுங்கள் என்று பங்குத் தந்தை எங்களைப் பணித்தார்கள். நாங்கள் மூவரும் லூர்து யாத்திரை போய் வந்தவர்கள் ஆதலால் அதைப் பற்றித்தான் பேசுவோம் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். லூர்து கெபியைப் பற்றிக் கேளாதவர் நம் பங்கில் யாருமில்லை. ஆகவே அதை விட்டுவிட்டு, யாத்திரை முடிந்தபின் ஒரு பகல் பொழுதைச் செலவிட்டு நாங்கள் பார்த்து வந்த ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறோம்.

அவ்வீடு பிரான்சு நாட்டின் தென்கோடியில், ஸ்பெயின் எல்லைக்கு அருகே, எல்ன் என்னும் சிற்றூருக்கு வெளியே, தோட்டங்களுக்கு நடுவில் நிற்கிறது. ஒரு காலத்தில் செல்வர் ஒருவர் கட்டிய மாளிகை; நடுவில் கண்ணாடிக் கூரை. 1939 டிசம்பர் முதல் 1944 ஏப்ரல் வரை அங்கே 597 குழந்தைகள் பிறந்தன. சராசரி பார்த்தால் மாதத்துக்குப் பதினொன்று. பெற்ற தாய்மார் அகதிகள். அவர்களைப் பராமரித்தவர்களோ அயல்நாட்டிலிருந்து தொண்டு செய்ய வந்த இளம்பெண்கள். அவர்களுக்குப் பொறுப்பாயிருந்த எலிசபெத் ஐடன்பென்ஸ் என்பவருக்கு இல்லம் தொடங்கியபோது வயது 26. அவர் மருத்துவருமல்லர், தாதியுமல்லர்; சுவிட்சர்லாந்தில் பள்ளி ஆசிரியையாயிருந்தவர்; பிரிந்த சகோதரர்களின் சபையைச் சேர்ந்த ஒரு போதகரின் மகள்.

இளைஞர் பிறநாட்டுக்குப் போய்த் தொண்டு செய்யும் வழக்கம் எப்படித் தோன்றியது என்று கேட்பீர்கள். முதல் உலகப் போர் முடிந்த பின், 1920 நவம்பரில், பியேர் செரசோல் என்ற சுவிஸ் பொறியாளர் சில நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, வெர்தூன் போர்க்களத்தில் தரைமட்டமாகிக் கிடந்த எஸ்ன் என்ற பிரெஞ்சுக் கிராமத்துக்குப் போனார். குழிகளை மூடி, குடிசைகள் கட்டினார்கள். அவர்களுள் செருமானியரும் இருந்தார்கள். எந்தச் செருமானியர் ஊரை இடித்தார்களோ அந்தச் செருமானியர் கையாலேயா நமக்கு வீடு என்று ஊரார் சிலருக்கு மனம் ஒப்பவில்லை. ஐந்து மாதத்தில் தொண்டர்கள் மூட்டை கட்ட வேண்டியதாயிற்று. நம்மில் யாருக்காவது அப்படி நேர்ந்திருந்தால் அதோடு கும்பிடு போட்டிருப்போம். செரசோலோ விடவில்லை. 1934இல் பீகாரைப் பூகம்பம் பாழாக்கியபோது அவர் இந்தியாவுக்கே வந்து, முசாபர்பூர்ப் பக்கத்துக் கிராமத்தாரோடு சேர்ந்து மண் சுமந்தார்.

1936இல் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டது. மறு ஆண்டு வசந்தத்தில் சுவிஸ் இளைஞர் சிலர் லாரிகளோடு அங்கே போனார்கள். உணவை மாட்ரிட் நகருக்குள் கொண்டுபோய், திரும்பும்போது குழந்தைகளையும் தாய்மாரையும் ஏற்றி வந்தார்கள். எலிசபெத் அவர்களுள் ஒருவர்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தப் போரில் குடியரசுத் தரப்பு நிலங்களில் நம் குருக்களும் துறவியரும் 6,000க்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். நம் பெற்றோர் காலத்தில் ஸ்பெயின் என்றால் அந்த வேதசாட்சிகளின் நினைவே வரும். 1939 தொடக்கத்தில் பார்சலோனா வீழ்ந்தபின் பிரெனே மலை கடந்து பிரான்சுக்குள் ஓடி வந்தவர்களோ, பெரும்பாலும் அந்தக் குடியரசுத் தரப்பைச் சார்ந்த குடும்பத்தார். அவ்வீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எங்களுள் ஒருவருக்கே இது உறுத்தியது. வெளியே சொல்லவும் சொன்னார். அதற்கு நாங்கள் மற்ற இருவரும் மறுமொழி சொல்லவில்லை. சுவரில் மாட்டியிருந்த படங்களில் வரிசையாகக் கிடத்தியிருந்த கைக்குழந்தைகளைப் பார்த்தபின் அவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஓடி வந்தவர்கள் சில வாரங்களுக்குள் நாலரை இலட்சம் பேர். அந்த மாவட்டத்தின் சொந்த மக்கள் தொகையே அதில் பாதிதான். பிரெஞ்சு அரசு அவர்களை ஆர்ஷலேஸ், சென் சிப்ரியான் கடற்கரைகளில் முள்வேலிக்குள் அடைத்தது. முதலில் அங்கே கொட்டகைகூடக் கிடையாது. மணலில் குழி தோண்டிப் படுத்தார்கள். அந்தப் பக்கத்துக் குளிர்காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கும். குடிக்க உப்புத்தண்ணீர், அதனால் வயிற்றுக்கடுப்பு. கர்ப்பிணிகள் சிலரைப் பெர்ப்பினியான் நகரில் குதிரை இலாயத்துக்குக் கொண்டுபோனார்கள். தொழுவத்தில் பிள்ளை பெறுவது நமக்குத் தெரிந்த கதைதான். ஆனால் அதைக் குடிலில் பார்க்கிறோமே தவிர, பக்கத்து ஊரில் நடந்தால் எப்படியிருக்கும் என்று நினைத்துப் பார்ப்பதில்லை.

இதைக் கண்ட எலிசபெத் முதலில் ப்ரூய்யா என்ற கிராமத்தில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்துப் பேறுகால இல்லம் தொடங்கினார். சில மாதங்களில் அவ்வீட்டை விட வேண்டி வந்தது. பிறகுதான் எல்ன் ஊருக்கு வெளியே பாழடைந்து கிடந்த அந்த மாளிகையைக் கண்டார். சுவிட்சர்லாந்தில் நன்கொடை திரட்டிச் செப்பனிட்டார். அறைகளுக்கு எண் போடாமல் ஊர்ப் பெயர்களை வைத்தார். பிள்ளைப்பேறு பார்க்கச் சுவிஸ் மருத்துவச்சிகள் முறை வைத்து வந்தார்கள். முகாம்களிலிருந்து கர்ப்பிணிகளை நாள் நெருங்குமுன் அழைத்து வந்து, பேறு முடிந்து சில வாரம் வைத்திருப்பார்கள். தெம்புள்ள பெண்கள் துணி தைப்பார்கள், காய் நறுக்குவார்கள். பால் மிகுந்த தாய் பால் இல்லாதவள் குழந்தைக்கும் கொடுப்பாள்.

அத்தனையும் நல்லதுதான். ஆனால் தவணை முடிந்ததும் தாயும் சேயும் எங்கே போவார்கள்? அதே முள்வேலிக்குள்தான். நாலு வாரம் வெண்மையான விரிப்பில் கிடந்த குழந்தை மறுபடியும் மணலுக்கு. வேலைக்குத் தேவை என்று சொல்லிச் சிலரை எலிசபெத் இல்லத்திலேயே நிறுத்திக்கொண்டார். எல்லாரையும் நிறுத்திக்கொள்ள எந்த வீட்டில் இடமிருக்கும்? இன்று யாரை அனுப்புவது என்று ஒவ்வொரு முறையும் முடிவு செய்ய வேண்டியவர் முப்பது வயது நிரம்பாத அந்தப் பெண். அவருடைய தொண்டில் மிகக் கடினமான பகுதி இதுதான் என்று நாங்கள் நினைக்கிறோம்.

இரண்டாம் உலகப் போர் முற்றியபின் ஸ்பானியரோடு யூதரும் சிந்தி இனத்தாரும் அம்முகாம்களில் அடைபட்டார்கள். 1942 ஆகஸ்டு முதல் ரிவ்சால்ட் முகாமிலிருந்து 2,000க்கு மேற்பட்ட யூதர்கள் இரயிலேற்றப்பட்டார்கள். வழி அவுஷ்விட்சில் முடிந்தது. அங்கே பணியாற்றிய ஃப்ரீடெல் ராய்ட்டர் என்ற சுவிஸ் தாதி, எடுக்க முடிந்த குழந்தைகளை வண்டிகளிலிருந்து எடுத்து ஒளித்தார். அவ்வாண்டின் தொடக்கத்திலேயே எல்ன் இல்லம் சுவிஸ் செஞ்சிலுவைச் சங்கத்தின் பொறுப்புக்கு வந்திருந்தது. நடுநிலை காக்க வேண்டும், நாட்டுச் சட்டத்தை மீறலாகாது என்பது மேலிடத்தின் கட்டளை. மீறினால் இல்லத்தையே மூடிவிடக்கூடும். அப்போது கர்ப்பிணிகள் எல்லாரும் தெருவில் நிற்பார்கள். கட்டளையிட்டவர்கள் கல்நெஞ்சர் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. ஆயினும் எலிசபெத் யூதத் தாய்மாரின் பெயர்களை ஸ்பானியப் பெயர்களாக மாற்றி எழுதினார். செருமானியப் போலீசார் வாசலுக்கு வந்தபோதும் அந்தப் பதிவேடுதான் அவர் கையில் இருந்தது. பொய் சொல்லலாமா என்று ஞானோபதேச வகுப்பில் நம் பிள்ளைகள் கேட்டால் என்ன பதில் சொல்வது என்று பங்குத் தந்தையைத்தான் கேட்க வேண்டும்.

1944 ஏப்ரலில் செருமானியப் படை அவ்வீட்டைக் கைப்பற்றியது. சில நாள் அவகாசத்தில் எல்லாரையும் வெளியேற்ற நேர்ந்தது. போருக்குப் பின் எலிசபெத் ஆஸ்திரியாவுக்குப் போய், அங்கே வந்து சேர்ந்த வேறு அகதிகளிடையே பணியாற்றினார். எல்ன் இல்லத்தைப் பற்றி அரை நூற்றாண்டு உலகம் பேசவில்லை. அவரும் மேடையேறிச் சொல்லிக்கொள்ளவில்லை. அங்கே பிறந்த ஒருவர் தம் பிறப்பைத் தேடிப் புறப்பட்டு, 1990களின் தொடக்கத்தில் அவரைக் கண்டுபிடித்தார். 2002இல் இஸ்ரேல் நாட்டின் யாத் வஷேம் அவருக்கு நீதிமான் என்ற பட்டம் வழங்கியது. 2005இல் எல்ன் ஊர் நகராட்சி வீட்டை விலைக்கு வாங்கியது. 2011இல், தமது 97ஆம் வயதில், அவர் காலமானார்.

வாசல் படிக்கட்டில் நாங்கள் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம். அதே படிகளில் தாய்மார் குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு வெயில் காயும் படங்கள் உள்ளே இருக்கின்றன. அந்தத் தாய்மாரில் யாரும் படத்துக்காகச் சிரிப்பதுபோல் தோன்றவில்லை. குழந்தையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். வருகைப் பதிவேட்டில் நம் பங்கின் பெயரைத் தமிழிலேயே எழுதிவிட்டு, பெர்ப்பினியான் வண்டிக்கு நேரமாகிவிட்டதால் எழுந்து நடந்தோம்.