தூக்குமரம் ஓய்ந்திருந்த காலம்



ஏலூரில் பெரியாற்றங்கரையில் நிற்கும் உரத் தொழிற்சாலையைத் திருச்சிச் சேஷசாயி சகோதரர்கள் 1943இல் தொடங்கினர். அன்று இவ்வூர் திருவிதாங்கூர் அரசைச் சேர்ந்தது. மறு ஆண்டே அவ்வரசு மரண தண்டனையை நீக்கிற்று. ஆகவே 1947இல் ஆலையில் உரம் விளைந்தபோது, கொலை செய்தவனையும் தூக்கிலிடாத நாடாக இது விளங்கியது. விடுதலைக்குப் பின் இந்தியத் தண்டனைச் சட்டம் இங்கும் வந்தது; தூக்கும் அதனோடு திரும்பிற்று. 2024இல் புதிய சட்டம் வந்தும் அது நீங்கவில்லை.

கொலையுண்டவனின் தாய்க்கு நாம் என்ன விடை கூறுவது? எளிய விடை நம்மிடம் இல்லை. ஆயினும், ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தண்டனை பெற்ற பேரறிவாளனை நினைத்துப் பார்ப்போம். அவரைத் தூக்கிலிட 2011 செப்டம்பர் 9ஆம் நாளைக் குறித்தாயிற்று. சென்னை உயர்நீதிமன்றம் தடுத்து நிறுத்தியது. ஈராண்டு கழித்து, அவரது வாக்குமூலத்தைப் பதிந்த அதிகாரியே வாய் திறந்தார். வாங்கிக் கொடுத்த பாட்டரி எதற்கென்று தெரியாது என அவர் சொன்னதைத் தாம் எழுதாமல் விட்டதாகக் கூறினார். 2014இல் உச்சநீதிமன்றம் தூக்கை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. 2022இல் அவரை விடுவித்தது. குற்றமற்றவர் என்று அது தீர்ப்பளிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் குறித்த நாளில் கயிறு இறுகியிருந்தால், அதிகாரியின் சொல்லைக் கேட்கத் தாய் அற்புதம்மாள் மட்டுமே இருந்திருப்பார்.