யார் தலையில் கடன்?

(பொழிவின் எழுத்து வடிவம்)



‘அரசு மருத்துவத்திற்குப் பணம் ஏது?’ என்னும் கேள்வி இன்று பல நாட்டு அவைகளிலும் ஒலிக்கின்றது. ‘நாடு கடனில் மூழ்கிக் கிடக்கையில் நோயாளர்க்கு விலையின்றி மருந்து வழங்குவது ஊதாரித்தனம்’ என்பார் ஒருபுறம் நிற்கின்றனர். ‘நோயுற்றுத் துடிப்பவனிடம் பணம் கேட்பது அறமன்று’ என்பார் மறுபுறம் நிற்கின்றனர். இவ்விரு சாராரின் சொற்களையும் எடை போடுவதற்கு வெறும் உணர்ச்சி போதாது, கணக்கு வேண்டும். அக்கணக்கு முறையாக எழுதப்பெற்று, முறையாக ஆராயப்பெற்றுத் தீர்ப்பும் கூறப்பெற்ற நாடு ஒன்று உண்டு. அது தமிழ்நாட்டை ஒன்றரை நூற்றாண்டிற்கு மேல் அடக்கியாண்ட பிரித்தானியாவே ஆகும். ஆண்டவனின் வீட்டுக் கணக்கை அடிமைப்பட்டிருந்தவன் அறிந்துகொள்வதில் தவறொன்றும் இல்லை, அறியாதிருப்பதே தவறு.

இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1942-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் பெவரிட்சு என்பார் ஓர் அறிக்கையை வெளியிட்டார். வறுமை, நோய், அறியாமை, இழிந்த வாழிடம், வேலையின்மை ஆகிய ஐந்தையும் நாட்டைப் பிடித்த ஐம்பெரும் பகைகள் என்று அவ்வறிக்கை எடுத்துக்காட்டியது. அதுவரை அந்நாட்டில் 1911-ஆம் ஆண்டுச் சட்டப்படி வேலை செய்யும் தொழிலாளிக்கு மட்டுமே காப்பீட்டு மருத்துவம் கிடைத்தது. அவன் மனைவிக்கு இல்லை, மக்களுக்கும் இல்லை. உழைக்கும் கைக்கு மருந்து உண்டு, அக்கைக்குச் சோறிடும் கைக்கு மருந்தில்லை என்னும் கொடுமை அங்கே சட்டமாகவே இருந்தது.

1945 சூலைத் தேர்தலில் தொழிற்கட்சி வென்றது. நலத்துறை அமைச்சராக அமர்ந்தவர் அனைரின் பெவன். அவர் ஆங்கிலேயர் அல்லர், வேல்சு நாட்டவர். அவர் தாங்கிய பெயரே வேல்சு மொழியின் பழம்புலவர் ஒருவரின் பெயராகும். பதின்மூன்றாம் அகவையில் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவர் அவர். நிலக்கரித் தூசியால் நுரையீரல் கெட்டு 1925-இல் அவர் தந்தையார் இறந்தபோது, அந்நோய் தொழிலால் வரும் நோய்களின் பட்டியலில் இல்லை என்று கூறி அக்குடும்பத்திற்கு இழப்பீடு மறுக்கப்பெற்றது. அவர் பிறந்த திரெடிகர் என்னும் ஊரில் சுரங்கத் தொழிலாளர் தங்கள் கூலியிலிருந்து சிறு தொகை பிடித்துத் தமக்கெனவே ஒரு மருத்துவக் கழகம் நடத்தி வந்தனர். அச்சிற்றூரின் ஏற்பாட்டை நாடு முழுமைக்கும் விரிப்பதே பெவனின் நோக்கமாயிற்று.

அப்பொழுது அந்நாட்டின் பணநிலை எவ்வாறிருந்தது? இதனை எல்லாரும் கூர்ந்து நோக்கவேண்டும். போர் முடிந்த சில நாள்களிலேயே, 1945 ஆகத்தில், அமெரிக்கா தன் போர்க்கால உதவியை நிறுத்திவிட்டது. பொருளியல் அறிஞர் கெயின்சு கடல் கடந்து சென்று, 375 கோடி டாலர் கடன் வாங்கி வந்தார். இரண்டு விழுக்காட்டு வட்டி. ஐம்பது ஆண்டுத் தவணை. அதன் இறுதித் தவணை 2006-ஆம் ஆண்டு முடிவில்தான் கட்டித் தீர்க்கப்பெற்றது. நாட்டின் மொத்தக் கடனோ ஓராண்டு மொத்த விளைவைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்காக நின்றது. போர்க்காலத்திற்கூடப் பங்கிட்டளிக்கப்படாத உரொட்டி, போர் முடிந்தபின் 1946-இல் பங்கீட்டு அட்டைக்கு வந்தது. அத்தகைய நிலையில்தான் அவ்வாண்டிலேயே நலச்சட்டம் நிறைவேறியது. மருத்துவர் கழகம் எதிர்த்தது. 1948-இன் தொடக்கத்தில் எடுத்த வாக்கெடுப்பில் மருத்துவருள் மிகப்பெரும்பாலோர் மறுத்து வாக்களித்தனர். எனினும் 1948 சூலை 5-ஆம் நாள் அத்திட்டம் நடைமுறைக்கு வந்தது. செல்வர், ஏழை என்னும் வேற்றுமையின்றி அனைவர்க்கும் மருத்துவமனை, மருத்துவர், மருந்து, பல், கண்ணாடி அனைத்தும் விலையின்றிக் கிடைத்தன.

முதலாண்டில் ஐம்பது இலக்கம் மூக்குக்கண்ணாடிகளுக்கு மேல் வழங்கப்பெற்றன. செலவு போட்ட கணக்கைக் கடந்தது. ஆண்டிற்கு 17 கோடி பவுன் போதும் என்று பெவரிட்சு கணித்திருந்தார். அத்தொகை இருமடங்கையும் தாண்டியது. ‘இலவயம் என்றால் இப்படித்தான், தேவையற்றவரெல்லாம் கைநீட்டுகின்றனர்’ என்று எதிர்ப்பாளர் ஆர்ப்பரித்தனர். ஆனால் அக்கண்ணாடிகளை வாங்கியவர் யார்? அதுநாள்வரை மங்கிய கண்ணோடு ஊசியில் நூல் கோத்த தாய்மார். எழுத்துத் தெரியாது தடுமாறிய முதியோர். அவர்தம் தேவை 1948-இல் தோன்றியதன்று. அவ்வாண்டில்தான் முதன்முறையாகக் கணக்கில் ஏறியது.

வருவாய் சிறிதாயினும், செலவு போகும் வழி அகலாதாயின் கேடில்லை என்பது வள்ளுவர் வகுத்த பொருள்நெறி. அதனை மறுப்பார் தமிழர் அல்லர். ஆனால் அகன்ற வழி எது என்று கேட்பதும் அந்நெறியின் பாற்பட்டதே. 1950-இல் கொரியப்போர் மூண்டது. பிரித்தானிய அரசு மூன்றாண்டுகளில் 470 கோடி பவுன் படைக்கலங்களுக்குச் செலவிடுவதென முடிவு செய்தது. அச்சுமையைத் தாங்கவேண்டி, 1951 ஏப்பிரலில் கருவூல அமைச்சர் கெய்ட்சுகெல், பற்கட்டுக்கும் கண்ணாடிக்கும் ஆகும் விலையில் பாதியை நோயாளரே தரவேண்டும் என்றார். அதனால் அவ்வாண்டில் மிஞ்சும் தொகை எவ்வளவு? 1 கோடியே 30 இலக்கம் பவுன்! ஒருபுறம் 470 கோடி. மறுபுறம் ஒன்றே கால் கோடிக்குச் சற்று மேல். முதியவரின் பல்லைப் பிடுங்கிப் பீரங்கிக்கு மருந்திட முயன்ற கணக்கு அது.

பெவன் பதவியைத் துறந்தார். அவரோடு ஆரல்டு வில்சனும், சான் பிரீமனும் வெளியேறினர். அத்தனை பெரிய படைக்கலத் திட்டத்தைக் குறித்த காலத்தில் நிறைவேற்ற நாட்டின் தொழிலாற்றல் இடங்கொடாது என்றும் பெவன் எச்சரித்திருந்தார். அவ்வாறே நிகழ்ந்தது. அவ்வாண்டு இறுதியில் ஆட்சிக்கு வந்த சருச்சில் அரசே அத்திட்டத்தின் காலத்தை நீட்டவேண்டியதாயிற்று. பீரங்கி காலந்தாழ்ந்தது, ஆனால் பற்கட்டுக் கட்டணம் நிலைத்தது. 1952-இல் மருந்துச் சீட்டிற்கும் ஒரு சில்லிங்குக் கட்டணம் வந்து சேர்ந்தது.

இனித் தீர்ப்பிற்கு வருவோம். மருத்துவச் செலவு நாட்டை விழுங்குகின்றது என்னும் கூக்குரல் ஓயாமையால், 1953-இல் சருச்சில் அரசு ஓர் ஆய்வுக்குழுவை அமர்த்தியது. கேம்பிரிட்சுப் பொருளியலறிஞர் கில்லிபோ அதன் தலைவர். செலவைக் குறைக்க வழி காட்டும் என்று அக்குழுவைப் பலரும் எதிர்பார்த்தனர். ஏபல்-சுமித்து, தித்மசு என்னும் இருவர் கணக்குகளைத் துருவி ஆராய்ந்தனர். 1956 சனவரியில் வெளிவந்த அறிக்கை கூறியது யாது? 1949-50-இல் நாட்டின் மொத்த விளைவில் மூன்றேமுக்கால் விழுக்காடாயிருந்த நலச்செலவு, 1953-54-இல் மூன்றேகால் விழுக்காடாகக் குறைந்திருந்தது! பவுன் எண்ணிக்கை ஏறியதற்குப் பெருங்கரணியம் விலைவாசி ஏறியமையே. மருத்துவமனைக் கட்டடங்களுக்குச் செலவிட்ட தொகையோ போருக்கு முன்னிருந்ததைவிடக் குறைவு. அதனை உயர்த்தவேண்டும் என்றே குழு பரிந்துரைத்தது. ஊதாரி என்று குற்றஞ்சாட்டப்பெற்றவன் சிக்கனக்காரன் என்று மெய்ப்பிக்கப்பெற்றான்.

இரண்டரை மடங்காயிருந்த நாட்டுக்கடனும், இலவய மருத்துவம் நடந்துகொண்டிருக்கையிலேயே, அடுத்த முப்பதாண்டுகளுக்குள் ஓராண்டு விளைவில் ஏறத்தாழப் பாதியாகச் சுருங்கியது. மருத்துவத்தால்தான் கடன் குறைந்தது என்று கூறுதல் மிகைபடக் கூறலாகும். தொழில் வளர்ந்தமையும் பணத்தின் மதிப்பு வீழ்ந்தமையும் அதற்குக் கரணியங்கள். ஆனால் மருத்துவம் அளித்தால் நாடு கடனில் அழியும் என்னும் கூற்றுப் பொய்த்தது என்பதை எவரும் மறுக்கவியலாது.

எதிர்ப்பாளர் கூற்றில் உண்மையே இல்லையா? உண்டு. நோய் குறையக் குறையச் செலவும் நிலைப்படும் என்று பெவரிட்சு நம்பியது தவறாயிற்று. மக்கள் நெடிது வாழ்கின்றனர். புதிய மருந்துகள் விலை மிக்கன. நாட்டு விளைவில் மருத்துவம் கொள்ளும் பங்கு அன்றையதைப்போல் இருமடங்கிற்கு மேல் உயர்ந்துவிட்டது. பிரித்தானியாவின் கடன் மீண்டும் ஓராண்டு விளைவை நெருங்கி நிற்கின்றது. பண்டுவத்திற்குக் காத்திருப்போர் பட்டியல் பல இலக்கமாய் நீள்கின்றது. எனவே பழைய வழக்கு மீண்டும் அவைக்கு வந்துள்ளது. செலவை ஆராய்வது தேவையே. வீண்செலவை வெட்டுவதும் தேவையே.

ஆனால் ஒன்றை மறத்தலாகாது. அரசு செலவிட மறுப்பதால் நோய் மறைந்துவிடுவதில்லை, செலவும் மறைந்துவிடுவதில்லை. அது அரசின் ஏட்டிலிருந்து குடும்பத்தின் ஏட்டிற்கு இடம் மாறுகின்றது, அவ்வளவே! அமெரிக்காவைப் பாருங்கள். அந்நாடு தன் விளைவில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கை மருத்துவத்திற்குச் செலவிடுகின்றது. பிரித்தானியா செலவிடுவதைவிட அது மிகமிகக் கூடுதல். அங்ஙனமிருந்தும், 2010-ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டத்திற்குப் பின்னரும், இரண்டு கோடிக்கு மேற்பட்டோர் காப்பீடின்றி உள்ளனர். எல்லாரும் சேர்ந்து சுமக்க மறுத்த சுமை இலேசாகவில்லை, கனத்தது.

இவ்வழக்கிற்கும் தமிழ்நாட்டிற்கும் தொடர்பு என்ன? தொடர்பு அந்தக் கடன் ஏட்டிலேயே இருக்கின்றது. போர் முடிந்தபோது பிரித்தானியா அமெரிக்காவிற்கு மட்டும் கடன்பட்டிருக்கவில்லை. போர்க்காலத்தில் இந்தியாவிலிருந்து பெற்ற பண்டங்களுக்கும் படைச்செலவிற்கும் ஈடாக இலண்டனில் எழுதிவைத்த கடன் ஏறத்தாழ 130 கோடி பவுன். அதில் தமிழ்நாட்டு உழைப்பும் கலந்திருந்தது. கடன் வாங்கியவன் தன் மக்களுக்கு மருத்துவத்தைப் பொதுவுடைமையாக்கினான். கடன் கொடுத்தவன் நிலை யாது?

1943-இல் சோசப்பு போர் என்னும் அலுவலர் தலைமையில் இந்திய நலவாழ்வுக் குழு அமர்த்தப்பெற்றது. சென்னையின் பெருமருத்துவர் ஆ. இலக்குமணசாமி அவர்களும் அதில் உறுப்பினர். பணம் தரவியலாமையால் எவரும் மருத்துவம் இழத்தலாகாது என்று அக்குழு 1946-இல் அறிவித்தது. அவ்வறிவிப்பு ஏட்டில் உறங்கிற்று. எழுபதாண்டு கழிந்து, 2017-ஆம் ஆண்டின் இந்திய நலக்கொள்கை தானே ஒப்புக்கொண்டபடி, அரசுகளின் மருத்துவச் செலவு மொத்த விளைவில் 1.15 விழுக்காடே. 2013-14-இல் இந்தியாவின் மொத்த மருத்துவச் செலவில் 64 விழுக்காட்டை மக்கள் தம் கைப்பணத்திலிருந்தே கொடுத்தனர். 2021-22-இல் அது 39 விழுக்காடாகக் குறைந்தும், இன்றும் பெருஞ்சுமையே. தாலி அடகுக்கடைக்குப் போவதும், காணி நிலம் விலைக்குப் போவதும் இவ்வெண்களுக்குள் அடங்கிக் கிடக்கும் வாழ்க்கைகளாகும்.

தமிழ்நாடு தன் எல்லைக்குள் இயன்றதைச் செய்து காட்டியுள்ளது. 1994-இல் அமைந்த மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாக, குறைந்த விலைக்கு வாங்கி அரசு மருத்துவமனைகளில் விலையின்றி வழங்க வழி செய்தது. பிற மாநிலங்களும் அதனைப் பின்பற்றின. சிக்கனமும் அறமும் ஒருசேர இயலும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா? ஆனால் மருத்துவம் மாநிலப் பொறுப்பு என்று எழுதிய அதே அரசியலமைப்பு, நடுவணரசிற்குக் கடன்பட்டுள்ள மாநிலம் மேலும் கடன் பெற அதன் இசைவைப் பெறவேண்டும் என்று 293-ஆம் பிரிவில் எழுதிவைத்துள்ளது. பொறுப்பு இங்கே, பணத்தின் திறவுகோல் அங்கே!

பெவன் பிறந்த வேல்சு நாட்டிற்கு 1999-இல் தனி அவை கிடைத்தது. 2007 ஏப்பிரல் முதல் நாள், மருந்துச் சீட்டுக் கட்டணத்தை அந்நாடு அடியோடு ஒழித்தது. வட அயர்லாந்தும் இசுகாத்துலாந்தும் பின்தொடர்ந்தன. இங்கிலாந்தில் அக்கட்டணம் இன்றும் உள்ளது. ஒரே அரசின்கீழ், ஒரே கடன்சுமையின்கீழ் இவ்வேற்றுமை எவ்வாறு வந்தது? தன் பணத்தை எதற்குச் செலவிடுவது என்று முடிவு செய்யும் உரிமை தன் கைக்கு வந்ததால் வந்தது.

மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்த வள்ளுவர், நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து பேணுபவன் என்னும் நான்கையே வைத்தார். வட்டிக்குப் பணம் தருபவனை அங்கே வைக்கவில்லை. ‘கடன், கடன்’ என்று அச்சுறுத்துவார் முன் தமிழ்மக்கள் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: அக்கடன் யார் தலையில்? எல்லாரும் தோள்கொடுக்கும் அரசின் தலையிலா, நோயாளியின் கட்டிலருகே விழித்திருக்கும் தாயின் தலையிலா? இக்கேள்விக்கு விடை கூறும் உரிமையைத் தமிழ்நாடு தன் கையிற் பெறுதல் வேண்டும்.

வெல்க தமிழ்!