அந்நாள் பாளையங்கோட்டை



தாமிரபரணிக்கு மேற்கே திருநெல்வேலி, கிழக்கே பாளையங்கோட்டை. மேற்கே கோயில், கிழக்கே கல்லூரி. இரண்டிற்கும் நடுவே ஓர் ஆறு, ஆற்றின்மேல் ஒரு பாலம். நான் மாணவனாக இருந்த காலத்து உலகம் இவ்வளவுதான்.

1964ஆம் ஆண்டு, புகுமுக வகுப்பில் சேர்வதற்காக அம்பாசமுத்திரத்திலிருந்து புகைவண்டியில் வந்து சந்திப்பில் இறங்கினேன். கையில் ஒரு டிரங்குப் பெட்டி; மடியில் என் தகப்பனார் கார் நெல் விற்றுக் கொடுத்த பணம். குதிரை வண்டிக்காரர் பாலத்தின் நடுவே சற்றே நிறுத்தி, "தம்பி, இது சுலோசன முதலியார் கட்டின பாலம், தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "அது தெரியாமலா படிக்க வந்தீர்?" என்று சொல்லிச் சிரித்தார். பாளையங்கோட்டையில் நான் கற்ற முதற்பாடம் அதுவே.

பாலம் 1843ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதற்கு முன்பு ஆற்றைக் கடக்கப் படகே துணை. வெள்ளம் வந்துவிட்டால் இரு கரைகளும் இரு நாடுகள். கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தேதாராக இருந்த சுலோசன முதலியார் தம் சொந்தப் பொருளைக் கொட்டிக் கட்டிக் கொடுத்த பாலம் அது. ஒரு தனி மனிதர் ஊர் முழுமைக்கும் வழி அமைத்தார் என்பதை நினைக்க நினைக்க இன்றும் வியப்பாகத்தான் இருக்கிறது.

பாளையங்கோட்டையைத் 'தென்னகத்தின் ஆக்ஸ்போர்டு' என்று பெருமையாகச் சொல்வார்கள். தூய யோவான் கல்லூரி 1878ஆம் ஆண்டிலும், சாராள் தக்கர் கல்லூரி 1895ஆம் ஆண்டிலும், தூய சவேரியார் கல்லூரி 1923ஆம் ஆண்டிலும் தோன்றியவை. கண்ணிழந்தோர்க்கும் செவி கேளாதோர்க்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே இங்கே பள்ளிகள் எழுந்தன. ஆற்றுக்கு அப்பால் இந்துக் கல்லூரி. பாரதியார் பயின்ற பள்ளி அதனோடு சேர்ந்தது. புதுமைப்பித்தன் பட்டம் பெற்றதும் அங்கேதான். 'சொல்லின் செல்வர்' ரா. பி. சேதுப்பிள்ளை பாளையங்கோட்டையிலும் நெல்லையிலும் பயின்ற மாணவரே.

அந்நாளில் ஊர் எப்படி இருந்தது? சாலையின் இருமருங்கும் மர நிழல். மிதிவண்டி வைத்திருந்தவன் செல்வன், மற்றவர்கள் நடந்தோம். ஊசிக் கோபுரத்து மணியோசை கேட்டு நேரம் அறிந்தோம். வகுப்பில் ஆசிரியர் முடிக்காமல் விட்ட பாட்டின் பொருளை, மாலையில் வண்ணார்பேட்டை வழியாக நடந்துகொண்டே நாங்கள் முடித்து வைப்போம். ஞாயிறுதோறும் நெல்லையப்பர் கோயில் வரை நடை. இடையே ரயில்வே கேட் மூடியிருக்கும். இன்றுள்ள ஈரடுக்குப் பாலம் 1973இல்தான் திறக்கப்பட்டது. கேட் மூடியிருந்த அந்தப் பத்து நிமிடங்களில் எத்தனை வாதங்கள், எத்தனை சமாதானங்கள்! 1965ஆம் ஆண்டு மொழிக் கிளர்ச்சியின்போது, அந்தச் சாலையே எங்களுக்கு மேடையாகவும் ஆயிற்று.

ஆற்றைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ? குளித்துக்கொண்டிருக்கும்போதே இரு கைகளாலும் அள்ளிப் பருகுவோம். நெல்லை அல்வாவின் சுவைக்கு இந்தத் தண்ணீரே காரணம் என்பார்கள். அல்வா வாங்கக் காசில்லாத நாட்களில், காரணத்தையாவது வயிறு நிறையக் குடித்துவிட்டு விடுதிக்குத் திரும்புவோம்.

இப்படி நான் சொல்லிக்கொண்டே போனால், "அந்தக் காலம் பொற்காலம்" என்று நீங்கள் முடிவு கட்டிவிடக்கூடும். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் பேசித் திரிந்தேன். ஒரு நாள் என் தமக்கையார் என் பேச்சை முழுவதும் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி தம்பி, அந்தச் சாலையை நான் பார்த்ததே இல்லையே!" என்றார்.

எனக்கு வாயடைத்துவிட்டது. கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரர் அவர். எட்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். ஒரு பிள்ளையைப் படிக்க வைக்கத்தான் நெல் இருந்தது. அந்தப் பிள்ளை நானாக இருந்தேன். பெண்களுக்கென்று எழுந்த கல்லூரியின் வாசலை நான் எத்தனையோ முறை கடந்து போயிருக்கிறேன். அக்காள் அங்கே வந்திருக்கலாமே என்ற எண்ணம் ஒரு நாளும் என் மனத்தில் எழவில்லை. சாலையில் நிழல் இருந்தது மெய். எல்லோரும் அந்த நிழலில் நடக்கவில்லை என்பதும் மெய்யே.

இன்று அதே சாலையில் காலை வேளையில் பெண்கள் கூட்டம் கூட்டமாகக் கல்லூரிக்குப் போகிறார்கள். 1990ஆம் ஆண்டு முதல் மனோன்மணியம் ஆசிரியர் சுந்தரனார் பெயரிலேயே இங்கு ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. பட்டத்துக்காகச் சென்னையையோ மதுரையையோ நோக்க வேண்டியதில்லை. இரைச்சல் பெருகியது உண்மை. ஆனால் அந்த இரைச்சலில் என் தமக்கையாரின் பேத்தி குரலும் கலந்திருக்கிறது. அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆயினும் ஒன்றை இழந்தோம். அதற்கு எந்த ஈடும் கிடைக்கவில்லை, அது ஆறு. பொதிகையில் பிறந்து, 1986ஆம் ஆண்டு தூத்துக்குடி தனி மாவட்டமாகும் வரை ஒரே மாவட்டத்துக்குள்ளேயே கடல் சேர்ந்த ஆறு அது. இன்று நகரத்துச் சாக்கடை அதில் கலக்கிறது. நாங்கள் அள்ளிப் பருகிய துறையில் இன்று வாய் கொப்பளிக்கவும் மனம் துணிவதில்லை. 2023ஆம் ஆண்டு டிசம்பரில் பெருவெள்ளம் வந்து சந்திப்புப் பகுதியையும் கொக்கிரகுளத்தையும் சூழ்ந்தபோது, ஆறு தன் பழைய எல்லையை நமக்கு நினைவூட்டியது என்றே எண்ணினேன்.

இந்த இழப்புக்கு இன்றைய மாணவரைப் பழிக்கலாமா? வயலை வீட்டு மனையாக்கியவர்கள் நாங்கள். சாக்கடையை ஆற்றுக்குத் திருப்பியபோது பார்த்துக்கொண்டு பேசாதிருந்தவர்களும் நாங்களே. கரையில் நின்று பழமை பாடிப் பெருமூச்சு விடுவதனால் தண்ணீர் தெளியாது. ஒரு சிரஸ்தேதார் தம் பொருளால் பாலம் கட்டினார். அந்தப் பாலத்தில் நடந்து பட்டம் பெற்றவர்கள் எத்தனை ஆயிரம் பேர்! நாம் எல்லோரும் சேர்ந்து, பாலத்துக்குக் கீழே ஓடும் தண்ணீரையாவது காப்பாற்றக் கூடாதா?

சென்ற மாதம் என் தமக்கையாரை அழைத்துக்கொண்டு பாலத்தின் மேல் நடந்தேன். அவருக்கு இப்போது எண்பதுக்கு மேல். நடுவில் நின்று நெடுநேரம் கீழே பார்த்தார். "இதைத்தான் குடித்தாயா தம்பி?" என்று கேட்டார்.

"ஆமாம் அக்கா" என்றேன்.

"அப்படியானால், குடிக்கும்படி செய்துவிட்டுப் போ" என்றார்.