பழைய அடுப்பும் புதிய கணக்கும்
(சங்கப் பொதுக்குழுவில் ஆற்றிய உரை)



நமது சங்கச் சமையற்கூடத்திலுள்ள விறகு அடுப்பை இடித்துவிட்டு எரிவாயு அடுப்பு வாங்கலாமா, வேண்டாமா என்பதே இன்று சபை முன் உள்ள கேள்வி. சென்ற மூன்று கூட்டங்களிலும் இது பேசப்பட்டு, முடிவு காணாமல் ஒத்திவைக்கப்பட்டது. ஒரு சாரார் சிக்கனம் என்கின்றனர். மற்றொரு சாரார் முன்னோர் கட்டிய அடுப்பு என்கின்றனர். கணக்குப் பார்த்துச் சொல்லும் பொறுப்பைக் காரியக் கமிட்டி நம்மிடம் ஒப்படைத்தது. பேரேடு எழுதிப் பிழைக்கும் நாம் அதனை விருப்பத்துடன் ஏற்றோம். ஆனால் நாம் தொடங்கிய கணக்கு ஒன்று. முடித்த கணக்கு வேறொன்று. இரண்டையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

கரக்பூர்வாசிகளாகிய நமக்கு இக்கேள்வி புதிதன்று. நம்மில் பலருடைய தந்தையரும் பாட்டனாரும் நீராவி இஞ்சின்களுக்குக் கரி அள்ளிப் போட்டவர்கள். அந்த இஞ்சினின் கம்பீரம் இன்னும் நம் கண்ணில் நிற்கிறது. ஆயினும் எரியறையில் இட்ட கரியின் வெப்பத்தில் நூற்றுக்கு ஆறு ஏழு பங்குதான் வண்டியை இழுத்தது. மற்றவை புகையாகவும் ஆவியாகவும் வானத்தை அடைந்தன. ஆகவே ரயில்வே டீசலுக்கும் மின்சாரத்திற்கும் மாறிற்று. சித்தரஞ்சன் தொழிற்சாலை 1970-ஆம் ஆண்டு தனது கடைசி அகலப்பாதை நீராவி இஞ்சினைச் செய்து, கடைசி நட்சத்திரம் என்று பொருள்படும் 'அந்திம் சிதாரா' என்னும் பெயரை அதற்குச் சூட்டியது. எனினும் அகலப்பாதையில் நீராவி வண்டிகள் ஓய்ந்தது 1995-ஆம் ஆண்டில்தான். மாறுவது என்று முடிவு செய்த பின்னும், இருந்ததை ஒரே நாளில் உடைத்தெறியவில்லை. இது நாம் மனத்தில் கொள்ளவேண்டிய பாடம்.

இனி நமது அடுப்புக்கு வருவோம். நூறு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைப்பதாகக் கொள்வோம். 25 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்கு அதனைச் சூடேற்ற 7,500 கிலோகலோரி வெப்பம் வேண்டும். காய்ந்த விறகு கிலோ ஒன்றில் ஏறக்குறைய 4,000 கிலோகலோரி உண்டு. ஆனால் நம்முடையது போன்ற திறந்த அடுப்பில் நூற்றுக்குப் பத்துப் பங்கே பாத்திரத்தைச் சேரும். ஆகவே சுமார் 19 கிலோ விறகு வேண்டும். விறகு ஈரமாயிருந்தால் அந்த ஈரத்தை ஆவியாக்கவே வெப்பம் செலவாகும். விறகு இன்னும் கூடும்.

எரிவாயுவிலோ கிலோ ஒன்றில் சுமார் 11,000 கிலோகலோரி உண்டு. பெரிய பாத்திரங்களுக்கான அடுப்பு அதில் பாதியையே பயன்படுத்துவதாக வைத்துக்கொண்டாலும், ஒன்றரைக் கிலோவுக்குள் அதே தண்ணீர் கொதித்துவிடும். பத்தொன்பது கிலோ எங்கே, ஒன்றரைக் கிலோ எங்கே என்று நாம் மகிழ்ந்துபோனோம்.

அடுத்து விலையை எழுதினோம், மகிழ்ச்சி அடங்கிற்று. நாம் வாங்கும் விறகு பழைய பெட்டிப் பலகையும் மரக்கழிவும். அதன் விலையில் 19 கிலோவையும், வர்த்தகச் சிலிண்டரின் விலையில் ஒன்றரைக் கிலோ வாயுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஏறக்குறைய ஒரே தொகைதான் வந்தது. மேலும் பொங்கல், சித்திரை வருடப்பிறப்பு, புரட்டாசிச் சனிக்கிழமைகள், ஆண்டு விழா என்று எல்லாம் சேர்த்து ஆண்டில் பதினான்கு நாட்களே நம் அடுப்பு எரிகிறது. நாள்தோறும் எரியும் ஓட்டல் அடுப்பானால் சிறு மிச்சமும் பெருந்தொகையாகத் திரளும். பதினான்கு நாள் அடுப்பில், போட்ட முதல் திரும்புவதற்குள் நம் பிள்ளைகள் பென்ஷன் வாங்கத் தொடங்கிவிடுவர். எனவே, 'பழைய அடுப்பே போதும்' என்று அறிக்கை எழுதி வைத்துவிட்டோம்.

விறகின் எடையைச் சரிபார்க்க மட்டும் சென்ற புரட்டாசியில் ஒரு நாள் தராசும் நோட்டுமாகச் சமையற்கூடத்திற்குச் சென்றோம். அரைமணி நேரத்தில் கண்ணெரிச்சல் தாங்காது வெளியே வந்துவிட்டோம். தாய்மார்களோ விடியற்காலை நான்கு மணி முதல் அங்கேயே நின்றிருந்தனர். அவர்களில் மூத்தவர் ஒருவர் இருமிக்கொண்டே, "தம்பி, விறகை நிறுத்துவிட்டாய், புகையை எதில் நிறுப்பாய்?" என்று கேட்டார். நம்மிடம் விடையில்லை. மூன்று கூட்டங்களில் அடுப்பைப் பற்றிப் பேசியவர்களில் ஒருவரேனும் அந்த அடுப்பின் முன் நின்றவரல்லர் என்பது அப்போதுதான் நமக்குப் புலப்பட்டது. வெட்கமாயிருந்தது.

வீடுகளுக்குள் சூழும் சமையற்புகை முதலியவற்றால் 2020-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் சுமார் 32 இலட்சம் பேர் மாண்டதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. பதினான்கு நாள் புகை அவ்வளவு கேடு செய்யாது எனலாம். ஆனால் அந்தப் பதினான்கு நாட்களும் நின்றவர்கள் அதே ஏழெட்டுப் பேர். நின்றது இருபது ஆண்டுகளுக்கு மேல். இந்தச் செலவு நமது பேரேட்டில் எந்தப் பக்கத்திலும் ஏறவில்லை.

புகைபோக்கி வைத்த, புகை குறைந்த விறகு அடுப்புக் கட்டலாமே என்று சிலர் கூறினர். நல்ல யோசனையே, விறகும் குறையும். ஆனால் புகைக்கூண்டில் படியும் கரியை அவ்வப்போது துடைக்க வேண்டும். 1983-ஆம் ஆண்டு மத்திய அரசு தொடங்கிய மேம்பட்ட அடுப்புத் திட்டத்தில் கட்டிய அடுப்புகள் பல, பராமரிப்பின்றியே பாழாயின. ஆண்டில் பதினான்கு நாள் திறக்கும் கூடத்தில் அதனை யார் செய்வார்?

ஆகவே எழுதிய அறிக்கையைக் கிழித்துவிட்டு, மூன்று யோசனைகளைச் சபை முன் வைக்கின்றோம்.

முதலாவது, ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள பெரிய எரிவாயு அடுப்புகள் இரண்டு வாங்குவோம். சிலிண்டர்கள் கூடத்திற்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் நிமிர்ந்து நிற்க வேண்டும். இவ்வாயு காற்றினும் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும். ஆதலால் சுவரின் அடிப்புறத்திலும் காற்றுவழி விடவேண்டும்.

இரண்டாவது, இதற்காகத் தமிழ் வகுப்பு நூலக நிதியில் ஒரு காசும் தொடலாகாது. குடும்பத்திற்கு இவ்வளவு என்று தனிச் சந்தா திரட்டுவோம். விருந்துண்டவர் அனைவரும் கடன்பட்டவரே.

மூன்றாவது, பழைய அடுப்பின் செங்கற்களை வீசிவிடாமல், முற்றத்தில் திறந்த வெளியில் பொங்கல் அடுப்பாகக் கட்டுவோம். ஆண்டுக்கொரு நாள் முன்னோர் கல்லிலேயே பால் பொங்கட்டும். புகை வானத்திற்குப் போகட்டும்.

மிச்சமாகும் என்று சொல்லி இதனை நாம் கேட்கவில்லை. மிச்சமாகாது என்பதைக் கணக்கோடு காட்டிவிட்டோம். செலவாகும் என்று தெரிந்தே கேட்கின்றோம். வாக்கெடுப்பிற்கு முன் ஒரு வேண்டுகோள்: முதலில் அடுப்பின் முன் நின்ற தாய்மார்கள் பேசட்டும், நாம் அனைவரும் பிறகு கை தூக்குவோம்.